மானியம் கேட்பதற்கு முன்னால் ஒரு தராசு

"குப்பையைக் குறைக்க கவர்மெண்ட்ல மானியம் தர்றாங்களாமே, நெசமுங்களா சார்?"

மாதத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு போன் செய்கிறார்கள். பெரும்பாலும் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துச் சின்ன பனியன் கம்பெனிக்காரர்கள். இடையிடையே ஓட்டல்காரர்களும் கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களும். சிறு தொழில்களில் கழிவுத் தணிக்கை செய்வது என் வேலை. ஒரு கம்பெனியிலிருந்து என்னென்ன கழிவு வெளியே போகிறது, எவ்வளவு போகிறது, அதில் எது போகாமலே இருந்திருக்கலாம் என்று பார்த்துச் சொல்வேன். மானியம் வாங்கித் தருவது என் தொழில் இல்லை. ஆனால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே திட்டங்கள் பாதி மனப்பாடம் ஆகிவிட்டன.

மானியம் இருக்கிறது. ஆனால் 'குப்பை மானியம்' என்று பெயர் போட்டு எங்கும் இல்லை. வேறு வேறு பெயர்களில், வேறு வேறு வாசல்களில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பார்கள்.

சென்ற வருடம் வந்தவரும் அப்படித்தான். நாற்பது தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், சொந்தக் கட்டடம். கழிவை அமுக்கிக் கட்டும் பேலிங் மெஷின் வாங்கினால் முக்கால்வாசிப் பணம் மானியமாக வந்துவிடும் என்று ஒரு ஏஜென்ட் அவரிடம் சொல்லியிருந்தார். கம்பெனியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன.

"தினம் எத்தனை கிலோ வெளிய போகுதுங்க?"

"வாரத்துக்கு ரெண்டு டெம்போ போகும் சார்."

இந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. துணியை வாங்கும்போது கிராம் கணக்கு பார்க்கிறவர்கள், அதே துணி கழிவாகப் போகும்போது டெம்போ கணக்குக்கு மாறிவிடுவார்கள். துணி ரோல் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு அங்கேயே ஓரமாக இருந்தது. மெஷின் பேச்சை இரண்டு வாரம் தள்ளி வைத்துவிட்டு, வெளியே போகும் ஒவ்வொரு மூட்டையையும் அதில் வைத்து நோட்டில் எழுதச் சொன்னேன். நான்கு பத்தி: கட்டிங் வேஸ்ட், பாலிதீன் கவர், அட்டை, மீதி. கூட்டிப் பெருக்குகிற அக்காதான் எழுதினார். சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தால் கடைசி நாளில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருப்பார் என்பது என் அனுபவம்.

எதிர்பார்த்தபடி துணிதான் எடையில் முதலிடம். ஆனால் அது குப்பை இல்லை, சரக்கு. திருப்பூரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டிங் வேஸ்ட்டைத் திரும்பப் பஞ்சாகக் கிழித்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் நூலாக்குகிறார்கள். நிறம் பிரித்து வந்த வேஸ்ட் என்றால் அந்தக் கலரிலேயே நூல் இறங்கும், மறுபடி சாயம் ஏற்றத் தேவையில்லை. சாயப்பட்டறைத் தண்ணீரால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை அறிந்த ஊருக்கு இது சின்ன விஷயமா? ஆனால் இவர் கம்பெனியில் கறுப்பும் வெள்ளையும் ஒரே மூட்டையில். லைக்ரா (இழுபடும் நூல்) கலந்த துணியும் சுத்தக் காட்டனும் ஒன்றாக. நடுவே பாலிதீன் துண்டுகளும் ஸ்டிக்கரும். வாங்குகிற வியாபாரி மட்டமான ரேட்தான் போடுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கட்டிங் டேபிளுக்குக் கீழே நான்கு பைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். வெள்ளை, கறுப்பு, மற்ற கலர், லைக்ரா. செலவு சில நூறு ரூபாய்.

அதோடு முடியவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர், தானாக ஒன்று சொன்னார். ஒரு குறிப்பிட்ட ஸ்டைலுக்கு அவர்கள் வாங்கும் துணியின் டயா, அதாவது அகலம், மார்க்கருக்கு (வெட்ட வேண்டிய வடிவங்களை அடுக்கிய வரைபடம்) பொருந்தவில்லை; விரித்து அடுக்கும் ஒவ்வொரு லேயிலும் ஓரத்தில் ஒரு பட்டை வீணாகிறது; இதை அவர் முன்பே சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணி விலைக்கு வாங்கிய ஒரு கிலோ, வேஸ்ட் விலைக்கு வெளியே போகிறது. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை எந்த மானியமும் ஈடுகட்டாது. அடுத்த ஆர்டருக்கு டயாவை மாற்றினார்கள். பேலிங் மெஷின் கொட்டேஷன் டிராயருக்குள் போனது.

மீதிப் பத்தியில் இருந்தது டீ கப், பார்சல் கவர், சாப்பாட்டு மிச்சம். எடை கொஞ்சம்தான். ஆனால் மாநகராட்சி வண்டியில் ஏறுவது அதுதான். எங்கே போய்ச் சேரும் என்று கேட்டால் திருப்பூர்க்காரர்கள் 'பாறைக்குழி' என்பார்கள். கைவிடப்பட்ட கல்குவாரிகளில் குப்பை கொட்டுவதை எதிர்த்து முதலிபாளையம் பகுதி மக்கள் 2025-ல் போராடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு என்பது பல முதலாளிகளுக்கு இன்றும் தெரியாது. 'பேப்பர் கப்தானே' என்கிறார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பெயர் பொறித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

உற்பத்தித் தொழில் செய்கிறவர் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால், முதலில் தட்ட வேண்டிய கதவு மத்திய அரசின் செட் (ZED) சான்றிதழ் திட்டம். பழுதும் இருக்கக்கூடாது, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பும் இருக்கக்கூடாது என்பது அந்தப் பெயரின் பொருள். 2022 ஏப்ரலில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை. கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். அதில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் அரசே ஏற்கும். சான்றிதழ் வாங்கியவர் அடுத்த நிலைக்குப் போகவும், கழிவையும் மாசையும் குறைக்கும் தொழில்நுட்பத்துக்கு மாறவும் 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஏஜென்ட்டுகள் சொல்லும் 'முக்கால்வாசி மானியம்' பெரும்பாலும் இதன் ஒரு மூலையிலிருந்து பிய்த்து எடுத்ததுதான். முன்னால் இருக்கும் படிகளைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது ஸ்பைஸ், இதுவும் மத்திய அரசுத் திட்டம்தான். 2023 இறுதியில் வந்தது, சிறு தொழில்களுக்கான சிட்பி வங்கி வழியாக நடக்கிறது. மறுசுழற்சி சார்ந்த முதலீட்டில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம் மூலதன மானியம். ஆனால் இது பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு ஆகிய மூன்றுக்காக வகுத்தது. துணிக் கழிவு அதில் இல்லை. பனியன் கம்பெனிக்காரர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். இதன் இரட்டைத் திட்டமான கிஃப்ட், பசுமைத் தொழில்நுட்பத்துக்கு வாங்கும் 2 கோடி வரையிலான கடனுக்கு வட்டியில் 2 சதவீதம் குறைக்கிறது.

மாநில அரசு பக்கம், மீண்டும் மஞ்சப்பை விருது இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கைவிட்ட சிறந்த பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என்று மூன்று பரிசு. மானியம் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது, ஏனென்றால் செய்து முடித்தவருக்குத்தான் பணம். சிங்கப்பூரில் 2009-லிருந்து '3ஆர் நிதி' என்று ஒன்று நடந்து வந்திருக்கிறது. திட்டச் செலவில் 80 சதவீதம் வரை கொடுப்பார்கள், ஆனால் உண்மையில் எவ்வளவு கழிவு குறைந்தது என்பதைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். நம் ஊரில் பெரும்பாலும் மெஷின் பில்லைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். அதனால்தான் மெஷின்கள் வந்துவிடுகின்றன, குப்பை குறைவதில்லை.

ஓட்டல்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் இனிப்பான செய்தி குறைவு. செட் திட்டம் உற்பத்தித் தொழிலுக்கு மட்டும், உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் விதிப்படி நீங்கள் மொத்தக் கழிவு உற்பத்தியாளர், மக்கும் குப்பைக்கு நீங்களே வழி செய்ய வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் பொருந்தும். சாண எரிவாயு மாதிரி உணவுக் கழிவு கலன் போட்டால், 100 கிலோ கழிவிலிருந்து தோராயமாக 4 கிலோ சிலிண்டர் கேஸுக்கு ஈடான எரிவாயு கிடைக்கும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஐந்து நாளைக்கு ஒருமுறை மிச்சம். கலனின் விலையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், மானியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாழை இலையை மட்டும் முழுசாக உள்ளே போட்டுவிடாதீர்கள். நார் மிதந்து குழாயை அடைக்கும். அதைச் சுத்தம் செய்ய ஆள் கிடைப்பது பெரும்பாடு.

விண்ணப்பத்தில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: தேதி. ஒரு அட்டைப்பெட்டி கம்பெனிக்காரர், ஏஜென்ட் அவசரப்படுத்தினார் என்று முழுப்பணம் கட்டி மெஷினை இறக்கிவிட்டு, அப்புறம் ஒரு திட்டத்தில் விண்ணப்பித்தார். பில் தேதி விண்ணப்பத் தேதிக்கு முந்தையது என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலானவை முன் அனுமதிக்குப் பிறகு செய்த செலவைத்தான் கணக்கில் எடுக்கின்றன. பணமும் உடனே கைக்கு வராது. முதலில் உங்கள் காசு அல்லது வங்கிக் கடன், பிறகுதான் மானியம். கழிவைப் பிரித்து விற்கும் தொழிலே தொடங்கலாம் என்று பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் வழியாகப் போகிறவர்களுக்கு அந்த மானியம் 3 வருடம் வங்கியிலேயே முடங்கிக் கிடக்கும். நடைமுறை மூலதனத்தை அதை நம்பித் திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். திட்டங்களின் காலமும் வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். அங்கே விசாரிக்கக் கட்டணம் கிடையாது.

நாற்பது மெஷின்காரர் இப்போது வெண்கலச் சான்றிதழுக்குப் போட்டிருக்கிறார். நேரில் பார்க்க வருகிறவரிடம் எதைக் காட்டுவது என்று போன வாரம் கேட்டார். அந்த அக்கா எழுதும் நோட்டைக் காட்டுங்கள் என்றேன். மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறதாம்.