கழுவித் துடைத்த பல்லை அனுப்பாதீர்கள்

வார்னிஷ் பூசிப் பளபளக்கும் சிறு பல் ஒன்று, பஞ்சில் பொதிந்த கண்ணாடிக் குப்பியில் இந்த வாரமும் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டைனோசர் காலத்துப் பாலூட்டியின் பல்லாக இருக்கலாம் என்றும், எந்த விலங்கு, எத்தனை கோடி ஆண்டு பழையது என்று சொன்னால் போதும் என்றும் உடன்வந்த கடிதம் கேட்கிறது. எங்கே கிடைத்தது என்று திருப்பிக் கேட்டதற்கு, ஏதோ ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நண்பர் ஒருவர் எடுத்தது என்ற பதிலும், 'இடம் எதற்கு, பல்லைத்தான் கார்பன் டேட்டிங் செய்துகொள்ளலாமே' என்ற ஆலோசனையும் வந்தன. முதுகெலும்பிகளின் புதைபடிவங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எவருக்கும் இப்படிப்பட்ட குப்பிகள் புதிதல்ல. ஆனாலும் இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருக்க இயலாது என்பதால், எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தொடக்ககாலப் பாலூட்டிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பற்களிலிருந்து வந்ததுதான். எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம் என்பதால், எலும்பெல்லாம் நொறுங்கிப் போன இடத்திலும் பல் எஞ்சுகிறது. பல்லி, முதலை போன்றவை வாழ்நாள் முழுதும் பல்லை மாற்றிக்கொண்டே இருக்க, பாலூட்டிகள் பால்பல், நிலைப்பல் என்ற இரண்டு தொகுதிகளோடு நிறுத்திக்கொண்டன; அதனால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்கொன்று இசைந்து தேயும் வடிவங்களைப் பெற்றன. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற விலங்கின் கடைவாய்ப் பற்களில் இந்த இசைவைக் கண்ணால் பார்க்கலாம்; நுண்ணோக்கி வேண்டும், அவ்வளவுதான். இந்த அளவுக்குப் பல் பேசும் என்பது உண்மை. ஆனால் தான் எத்தனை வயது என்பதைப் பல் ஒருபோதும் சொல்வதில்லை, இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கார்பன் டேட்டிங் என்ற சொல் மக்கள் மனத்தில் எப்படியோ எல்லாப் பழமைக்கும் பொதுவான அளவுகோலாகப் பதிந்துவிட்டது. அந்த முறை கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவை நம்பியிருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். அதாவது அவ்வளவு காலம் போனால் இருந்ததில் பாதி மறைந்துவிடும், அதே அளவு இன்னொரு காலம் போனால் மிச்சத்திலும் பாதி. இப்படியே கழித்துக்கொண்டு போனால், ஐம்பதாயிரம் ஆண்டுகளை எட்டும்போது அளப்பதற்கு நம்பத்தகுந்த அளவில் எதுவும் மீதியிருப்பதில்லை. ஜுராசிக் காலத்துப் பல் என்பது ஐம்பதாயிரம் ஆண்டுக் கணக்கா? பதினைந்து கோடி, இருபது கோடி ஆண்டுக் கணக்கு. அதில் கார்பன்-14 தேடுவது, எந்தக் கருவி வைத்திருந்தாலும், எவ்வளவு செலவு செய்தாலும், பயனற்ற வேலை. 'புதிய கருவி வந்துவிட்டதாமே' என்று மறுபடியும் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பல்லின் வயது அது கிடந்த பாறையடுக்கின் வயதிலிருந்துதான் வருகிறது: மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் இருக்கும் சிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்பதை அளந்தோ, அதே அடுக்கில் கிடைக்கும் மகரந்தத் துகள்களையும் பிற உயிரெச்சங்களையும் வயது தெரிந்த அடுக்குகளோடு ஒப்பிட்டோ நாங்கள் அந்த எண்ணைச் சொல்கிறோம். அடுக்கு எதுவென்று தெரியாத பல்லுக்கு இவற்றில் எதையும் செய்ய வழியில்லை.

'குவாரி என்று சொன்னோமே, அது போதாதா' என்பார்கள். போதாது. தெற்கு வேல்ஸின் கிளாமர்கன் பகுதியில் உள்ள சுண்ணாம்புக்கல் குவாரிகளில்தான் மார்கனுகோடானின் பற்கள் ஏராளமாகக் கிடைத்தன. 1949-இல் புதைபடிவ ஆய்வாளர் வால்டர் கூனே அந்த விலங்குக்குப் பெயரிட்டார். அந்தச் சுண்ணாம்புக்கல் கார்போனிஃபெரஸ் காலத்தது, 33 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதது. பற்களோ அந்தக் கல்லுக்குள் இல்லை. கல் உருவாகிப் பல கோடி ஆண்டுகள் கழித்து அதில் விழுந்த வெடிப்புகளிலும் குகைகளிலும் பின்னாளில் வந்து நிறைந்த மண்ணுக்குள் இருந்தன. குவாரியின் பெயரை மட்டும் எழுதி, வெடிப்பை நிறைத்த மண்ணிலிருந்து எடுத்தோமா, கல்லிலிருந்து எடுத்தோமா என்று குறிக்காமல் விட்டால், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் தவறிப் போகும். ஒரே குவாரியில், கையெட்டும் தூரத்தில் நிகழும் தவறு இது.

இத்தகைய தவறு வேறு இடங்களிலும் நிகழும். மத்தியப் பிரதேசத்தின் டிகி பாறைத் தொகுதி, டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், 22 கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்தது. அங்கிருந்து வந்ததாக ஒற்றை மேல் கடைவாய்ப்பல் ஒன்று 2005-இல் டிகிதீரியம் என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. அந்தப் பல் குறுக்குவாட்டில் அகன்றிருந்தது. அத்தகைய வடிவம் அவ்வளவு பழைய பாறையில் எவரும் எதிர்பாராதது என்பதால், பாலூட்டிகளின் பல் பரிணாம வரலாற்றில் அதற்குத் தனி இடம் கிடைத்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நூல்களிலும் கட்டுரைகளிலும் அது பேசப்பட்டது. 2024-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இருவர், அது டிரயாசிக் விலங்கின் பல்லே அன்று, டைனோசர்கள் அழிந்து நெடுங்காலம் கழித்து வந்த நியோஜீன் காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல் என்று வாதிட்டார்கள். அவர்கள் சொல்வதை ஏற்றால், வயதில் இருபது கோடி ஆண்டு வித்தியாசம். பாறை வெடிப்புக்குள் பிற்காலத்து மண் இறங்குவதும், வளை தோண்டும் சிற்றுயிர்கள் உள்ளேயே செத்துப்போவதும், ஆந்தை கக்கிய உருண்டையிலிருந்து பற்கள் சிதறி அடிமண்ணில் கலப்பதும் எங்கும் நடப்பவை. தேர்ந்த ஆய்வாளர்கள் எடுத்த பல்லுக்கே இப்படி என்றால், யாரோ எடுத்து, யாரிடமோ கைமாறி, குப்பியில் வந்த பல்லைப் பார்த்து நான் என்ன சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கிறீர்கள்?

இடமும் காலமும் சரியாகத் தெரிந்தால் ஒரு துண்டு தாடை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மடகாஸ்கரில் கிடைத்த அம்பாண்ட்ரோ ஓர் எடுத்துக்காட்டு. 1999-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பில் இருந்தவை ஒரு கீழ்த்தாடைத் துண்டும் மூன்று பற்களும் மட்டுமே. கடைவாய்ப்பல்லின் பின்பகுதியில் ஒரு குழி. மேற்பல்லின் உள்முகடு அந்தக் குழிக்குள், உரலில் உலக்கை விழுவதுபோல் வந்து இறங்கும் அமைப்பு. வெட்டுவதோடு அரைக்கவும் வல்ல இவ்வகைப் பல்லுக்கு டிரைபாஸ்ஃபெனிக் பல் என்று பெயர். மனிதர் உட்பட இன்றைய பைப்பாலூட்டிகள், நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் அனைத்தின் கடைவாய்ப் பற்களுக்கும் இதுவே அடிப்படை. இந்த அமைப்பு வட கண்டங்களில், ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில் தோன்றியது என்பதே அதுவரை நிலவிய கருத்து. அம்பாண்ட்ரோ கிடைத்த பாறையோ நடு ஜுராசிக் காலத்தது, கிடைத்த இடமோ தென்பகுதிக் கண்டத் தொகுதி. அவ்வடிவத்தின் வரலாறு ஒரே வீச்சில் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பின்னே போயிற்று. 2001-இல், இவ்வகைப் பல் வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியாக இருமுறை தோன்றியிருக்க வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது; அதன் மேலான விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்தப் பற்கள் இடமோ அடுக்கோ தெரியாமல் ஒரு குப்பியில் வந்திருந்தால், வழக்கமான கிரெட்டேசியஸ் பற்கள் என்று எழுதி அலமாரியில் வைத்திருப்பார்கள்.

அடுத்தது கழுவும் பழக்கம். அழுக்கை நீக்கி, பல்துலக்கியால் தேய்த்து, அழகாக அனுப்புவதே மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் தேய்த்து அழிப்பது அந்த விலங்கு என்ன தின்றது என்ற சான்றை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மார்கனுகோடானின் பற்களிலும் அதே இடத்தில் வாழ்ந்த கூனியோதீரியம் என்ற இன்னொரு தொடக்ககாலப் பாலூட்டியின் பற்களிலும் இருந்த நுண்ணிய தேய்மானத் தடங்களை, இன்றைய பூச்சியுண்ணும் வௌவால்களின் பற்களோடு ஒப்பிட்டார்கள். வண்டு போன்ற கடின ஓட்டுப் பூச்சிகளை மார்கனுகோடான் கடித்ததென்றும், கூனியோதீரியம் மென்மையான பூச்சிகளைத் தின்றதென்றும் தெரிந்தது. தாடைகளின் வலிமையும் அதற்கு ஒத்துப்போயிற்று. பூச்சியின் ஓடு பதித்த அந்தக் கீறல்கள் மயிரிழையைவிட மெல்லியவை. மணல் ஒட்டிய பல்லைத் துலக்கியால் நான்கு முறை இழுத்தால், அவற்றின் மேல் உங்கள் கீறல்கள் விழுகின்றன. அதன் பிறகு அதில் படிக்க எதுவும் இல்லை.

வேர்களும் அப்படித்தான். பல்லின் வேரைச் சுற்றியுள்ள சிமெண்டம் என்ற கடினப் படலத்தில் ஆண்டுதோறும் ஒரு வளையம் படிகிறது. 2020-இல் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ்-கதிர் கொண்டு, பல்லை வெட்டாமலே அந்த வளையங்களை எண்ணியபோது, மார்கனுகோடான் 14 ஆண்டுகள் வரையிலும் கூனியோதீரியம் 9 ஆண்டுகள் வரையிலும் வாழ்ந்தது தெரியவந்தது. அந்த அளவுள்ள இன்றைய சிறு பாலூட்டிகள் காட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தாலே அதிகம். ஆகவே, பல்லால் பாலூட்டியாகிவிட்ட இவ்விலங்குகளின் உடலியக்கம் இன்னும் ஊர்வனவற்றின் நிதானத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். இவ்வளவும் வேரில் இருந்தது. உங்களில் பலர், குப்பிக்குள் பல் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக அந்த வேரை அரத்தால் தேய்த்துவிடுகிறீர்கள்.

வினிகரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகங்களில் நாங்களும் சுண்ணாம்புக்கல்லை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பற்களைப் பிரித்தெடுக்கிறோம். இதை எங்கோ படித்துவிட்டு வீட்டில் முயல்கிறார்கள். நாங்கள் பயன்படுத்துவது நீர்த்த, பல்லின் பாஸ்பேட்டை அரிக்காதபடி தாங்கல் உப்புகள் சேர்த்த கரைசல். இடையிடையே எடுத்துப் பார்த்து, நீரில் நெடுநேரம் அலசுகிறோம். வெறும் வினிகரில் ஊறிய பல்லின் எனாமல் வெளுத்து, பொடிந்து போகும். பசையும் வார்னிஷும் பூச வேண்டாம். தேவைப்பட்டால் பூசுவதற்கு, பின்னாளில் அசிட்டோனில் கரைத்து நீக்கக்கூடிய பிசின் எங்களிடம் இருக்கிறது. கடையில் வாங்கும் உடனடிப் பசையை நீக்குவது பல்லையே பலி கேட்கும் வேலை.

கறுத்திருப்பதால் மட்டும் ஒரு பல் பழமையானது ஆகிவிடாது; இரும்பும் மாங்கனீசும் உள்ள சேற்றில் கிடந்தால் அண்மையில் இறந்த மாட்டின் பல்லும் கறுக்கும். என்னிடம் வரும் 'டைனோசர் பற்களில்' கணிசமானவை மாட்டுக் கடைவாய்ப்பற்கள். பாலூட்டிகள் டைனோசர்களுக்குப் பின் வந்தவை என்ற எண்ணமும் தவறு. 1824-இல் மெகலோசாரஸ் என்ற டைனோசர் அறிவிக்கப்பட்டபோதே, இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்த ஜுராசிக் பாலூட்டித் தாடைகளும் உடன் பேசப்பட்டன. இந்த எண்ணம் உள்ளவர்கள் பெரிய எலும்பை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் கிடக்கும் இரண்டு மில்லிமீட்டர் பல்லை மிதித்துவிட்டுப் போகிறார்கள் என்பதே எங்கள் கவலை.

இனி, செய்ய வேண்டியவை. பாறையில் பல் தெரிந்தால் தோண்டாதீர்கள். நாணயமோ அளவுகோலோ பக்கத்தில் வைத்து, நெருக்கமாக ஒன்று, பாறை முழுதும் தெரியும்படி ஒன்று எனப் படம் எடுங்கள். கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பல் பாறைக்குள் பதிந்திருந்ததா, தரையில் உதிர்ந்து கிடந்ததா என்பதை மறக்காமல் குறியுங்கள். உதிர்ந்து கிடந்தது மேலிருந்து உருண்டு வந்ததாக இருக்கலாம். நில உரிமையாளரின் இசைவும் அந்த நாட்டுச் சட்டத்தின் அனுமதியும் இல்லாமல் எதையும் நகர்த்தாதீர்கள். பிறகு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள். மழையோ வெட்டுவேலையோ நெருங்கி, எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒட்டியிருக்கும் மண்ணோடு எடுத்து, மெல்லிய தாளில் சுற்றி, சிறு பெட்டியில் வைத்து, அதே அடுக்கிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணையும் தனிப்பையில் போட்டு, இரண்டுக்கும் ஒரே குறிப்புச் சீட்டை எழுதி வையுங்கள். அந்த மண்ணை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நாங்கள் அலசும்போது, அதே காலத்து மீன்பல்லோ மகரந்தமோ கிடைத்தால் வயதுக் கேள்விக்கு அங்கேயே விடை தொடங்கிவிடும். உதிரிப் பல்லை விலைக்கு வாங்காதீர்கள். விற்பவர் முதலில் மறைப்பது இடத்தைத்தான்.

ஏற்கெனவே கழுவிவிட்ட பல் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து மறைக்காமல் அதையும் சொல்லுங்கள்: எதில் கழுவினீர்கள், எவ்வளவு நேரம் ஊறியது, என்ன பசை பூசினீர்கள், வேரைத் தேய்த்தீர்களா. கொடுத்த நண்பரைத் தொடர்புகொண்டு, குவாரியின் எந்தச் சுவர், எந்த உயரம், மண் என்ன நிறம் என்று அவர் நினைவில் இருப்பதை இன்றே எழுதி வாங்குங்கள். பல் பொதிந்து வந்த பழைய தாளோ டப்பாவோ இருந்தால் அதை எறிந்துவிடாமல், உதறாமல், அப்படியே சேர்த்து அனுப்புங்கள். மடிப்பில் ஒரு சிட்டிகை மண் ஒட்டியிருந்தாலும் எங்களுக்கு அது வேண்டும்.