லீவர் விழுந்தும் முன்சக்கரம் இழுக்கவில்லையா?

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது; அதற்கு ஏறும் ஜீப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அப்படிப்பட்ட கல்பாதையில் நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் ஃபோர் வீல் லீவரைப் போட்ட பிறகும் பின்சக்கரம் மட்டும் சுற்றினால், பழி உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) மேல் விழும். அதை இறக்கி ஏற்ற ஒரு நாள் போய்விடும். ஜாக்கி இருந்தால் பத்து நிமிடத்தில் பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (அடியில் ஓடும் நீளத் தண்டு), கிரவுன் பினியன் (விசையைச் சக்கரப் பக்கம் திருப்பும் பற்சக்கரங்கள்), ஆக்சில் ஷாஃப்ட், ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் நடுப்பகுதி) என்று விசை வரிசையாகப் போகிறது. இதில் ஓரிடம் அறுந்தாலும் லீவர் வெறும் கம்பிதான்.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) வழியாக வண்டி உருளும். அதனால் கட்டையைத்தான் நம்ப வேண்டும். எஞ்சினை நிறுத்தி முதல் கியர், ஃபோர் வீல் லீவர், இரண்டு ஹப்பும் லாக். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லீவர் நகர்த்தும் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம்; சக்கரத்தை முன்பின் ஆட்டினால் உள்ளே விழும்.

சற்றே ஆடி நின்றுவிட்டால் எல்லாம் சரி. தாராளமாகச் சுற்றினால் அடியில் குனிந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். அதுவும் சுற்றுகிறதா? பழுது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். அப்போதும் முதலில் லீவரைக் கோத்திருக்கும் பின்னின் (முளையின்) தேய்மானம், தரைத்துளையில் இறுகிய சேறு, அமுங்கிய கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்ட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். மவுண்ட் தாழ்ந்தால் லீவர் துளை விளிம்பில் இடித்து, பாதி வழியிலேயே நின்றுவிடும். ஏற்றத்தில் லீவர் தானாகக் கழன்று வருவதற்கும் இது ஒரு காரணம். லீவரை இடத்தில் நிறுத்தும் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்வதும், பற்களை நகர்த்தும் ஃபோர்க் தேய்வதும் மற்றவை.

ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் பழுது முன்னால். இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வலதைச் சுற்றினால் இடது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை, அல்லது ஆக்சில் ஒடிந்திருக்கிறது. சக்கரத்தின் பின்னால் கிராஸ் (ஆக்சிலை மடங்க விடும் மூட்டு) வெளியே தெரியும் வண்டியில், சக்கரம் சுற்றும்போது கூடவே சுற்றாத கிராஸ் எந்தப் பக்கமோ அந்த ஹப்தான். உருண்டை மூடிக்குள் கிராஸ் ஒளிந்திருக்கும் ஆக்சிலில் இரண்டு ஹப்பையும் திறந்தே ஆக வேண்டும்.

திறந்ததும் கிரீஸ் கட்டியாகி இருக்கும். ஹப்பின் மேல் உள்ள டயல் லாக்கில் நின்றாலும், உள்ளே ஸ்பிரிங்கால் வளையத்தைத் தள்ள முடிவதில்லை. டீசலில் கழுவித் துடைத்து மெல்லப் பூசுங்கள். பேரிங் கிரீஸை அடைத்து வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. மலைக் குளிரில் அது இன்னும் இறுகும்.

லீவர் திரும்ப வெளியே வராவிட்டால் அது பழுதில்லை. இவ்வகை ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தார்ச்சாலையிலேயே ஃபோர் வீலில் ஓட்டினால், முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட, ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி லீவரைப் பிடித்துக்கொள்ளும். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் விடும்.

நேர்ச்சாலையிலும் இறுகினால் முன், பின் டயர்ச் சுற்றளவை டேப் வைத்து அளந்து பாருங்கள். அதுவும் ஒத்திருந்தால் வேறு வண்டியின் ஆக்சில் மாட்டியிருக்கலாம். லீவரை டூ வீலில் வைத்து, தூக்கிய ஒரு முன்சக்கரத்தைச் சரியாக 2 முறை சுற்றி, ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணுங்கள். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இந்த 2 சுற்று ஆக்சிலுக்கு ஒரு சுற்றுதான்; 5.38 விகிதம் (ஆக்சிலின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 5.38 சுற்று) என்றால் ஐந்தேகால் சுற்றைத் தாண்டி நிற்கும். பின்னாலும், இம்முறை முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து இதையே செய்யுங்கள். ஒன்று 5.38, மற்றொன்று 4.88 என்றால் வேறுபாடு பத்து விழுக்காடு. அந்த வண்டியில் எந்த ஹப்பை மாற்றியும் பயனில்லை. ஆக்சிலைத்தான் மாற்ற வேண்டும்.