பயோஃபிலிம்: படலமா, வழும்பா?

உசிலம்பட்டிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் மடிநோய் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். மடி கல்லு மாதிரி ஆகும், பால் திரிதிரியாக வரும். ஊசி போட்டு, காம்புக்குள் ட்யூப் மருந்து ஏற்றினால் தெளிந்துவிடும். சரி, தீர்ந்தது என்று இருந்தால் அடுத்த மாதமே அதே காம்பில் மறுபடியும் திரி. “மாட்டுக்கு மருந்து பழகிப்போச்சுடா” என்பார் எங்கள் சித்தப்பா. மாட்டுக்கு ஒன்றும் பழகவில்லை சித்தப்பா, பழகியிருந்தால் அது கிருமிக்கு, இல்லையென்றால் கிருமி உள்ளேயே ஒளிந்திருந்தது. அந்த ஒளிவிடத்துக்குத்தான் பயோஃபிலிம் என்று பெயர்.

‘பயோஸ்’ கிரேக்கம், உயிர் வாழ்வது என்று பொருள். ‘ஃபிலிம்’ பழைய ஆங்கிலம், மெல்லிய தோல் அல்லது சவ்வு. கேமராச் சுருளும் சினிமாவும் ரொம்பப் பின்னால் வந்தவை. நம் பல்லில் படியும் மஞ்சள் காரைகூட இதே வகைதான், அதைச் சுரண்டி எடுத்து லென்ஸில் பார்த்து, உள்ளே நெளிந்த உயிர்களைப் பற்றி லீவன்ஹூக் என்ற டச்சுக்காரர் 1683-லேயே எழுதிவிட்டார்.

தமிழில் உயிரிப்படலம், உயிர்ப்படலம் என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் புகைப்படலம், தூசிப்படலம் என்று சொல்லும்போது அது தானாக வந்து படிந்தது போல ஒரு எண்ணம் வருகிறது (மதுரைக்காரர்களுக்குத் திருவிளையாடற் புராணத்துப் படலமும் ஞாபகம் வரலாம், அது வேறு கதை). இதுவோ பாக்டீரியா தானே சுரந்து கட்டிக்கொள்ளும் கொழகொழப்பு: சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், கொஞ்சம் டிஎன்ஏ.

இதற்கு எனக்குப் பிடித்த சொல் வழும்பு. வழுக்கு, வழுவழு எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். மலைபடுகடாத்தில் ஆழமான குளத்தோரம் போகிறவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும்போது ‘வழும்பு கண் புதைத்த நுண் நீர்ப் பாசி’ என்று வருகிறது, கால் வைத்தால் சறுக்கிவிடும் பாசி. பால் கேனை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு உள்ளே விரலால் தேய்த்தால் வழுக்குமே, அதைக் காட்டி வழும்பு என்றால் யாருக்கும் புரியும். பாடநூலில் உயிரிப்படலம் இருந்துவிட்டுப் போகட்டும், மாட்டுக்கொட்டகையில் வழும்புதான் செல்லும்.

மடிநோய்க் கிருமிகளில் பெரிய தொல்லை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். திராட்சைக் கொத்து போன்ற பொன்னிற மணி என்று பெயருக்கு அர்த்தம், அழகான பெயர்தான். இது மடிக்குள் வழும்பு கட்டிவிட்டால் மருந்து உள்ளே போய்ச் சேர்வது கஷ்டம், அதைவிட முக்கியமாக, அடியில் கிடக்கும் கிருமிகள் வளராமல் மந்தமாகக் கிடக்கின்றன. பென்சிலின் வகை மருந்து, கிருமி வளரும்போது சுவர் கட்டுவதைக் கெடுத்துத்தான் கொல்லும்; சுவரே கட்டாதவனை என்ன செய்யும்? அதனால்தான் லேபில் பால் மாதிரி கொடுத்துப் பார்த்தால் ‘இந்த மருந்து கேட்கும்’ என்று வரும், மடியில் கேட்காது. லேபில் சோதிப்பது வழும்பு இல்லாமல் வளரும் கிருமியை.

மரபணு மாறி மருந்தையே செல்லாக்காசாக்குவது வேறு சங்கதி, அதற்கு ‘எதிர்ப்பு’ என்கிறார்கள். அந்தச் சொல்லும் கொஞ்சம் இடிக்கிறது, நோய் எதிர்ப்பு நமக்கு நல்லது, நுண்ணுயிர் எதிர்ப்பு என்றால் யார் யாரை எதிர்க்கிறார்கள் என்றே தெரியாது. ‘மருந்துக்குக் கட்டுப்படாமை’ என்று எழுதினால் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.