கேம்சாப்ட்: நெம்புருள்தண்டு

போர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற தண்டுதான் கேம்சாப்ட். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்சாப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற இது ஒன்று சுற்றும். தண்டு நெடுக முட்டை வடிவ மேடுகள். மேடு வந்து முட்டினால் வால்வு திறக்கும், மேடு கடந்ததும் ஸ்பிரிங் அதை மூடும்.

'கேம்' டச்சு மொழியின் 'கம்' என்ற சொல்லின் வழி வந்தது என்பார்கள், பொருள் சீப்பு. பற்சில்லின் பற்கள் சீப்புப் பல் மாதிரி நின்றதால் வந்த பெயர். 'சாப்ட்' முன்பு ஈட்டியின் தடி. ஆக, ஆங்கிலப் பெயர் தோற்றத்தோடு நின்றுவிடுகிறது.

நெம்புருள்தண்டு என்ற தமிழ்ச்சொல் வேலையைச் சொல்லும். மாரியில் வயற்கரையில் புதைந்த மெஸ்ஸி டிராக்டரின் சில்லுக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மிண்டுகிறோமே, அதுதான் நெம்புதல். (அலவாங்கும் போர்த்துக்கேயச் சொல்தான், அங்கே அதற்கு நெம்புகோல் என்றே பொருள்.) உருள் என்பது தேர்ச்சில்லின் பழைய பெயர். ஒரு குறை உண்டு: உருள் என்றால் வட்டம் நினைவுக்கு வரும். நடு அச்சில் சுற்றும் சரியான வட்டம் எதையும் நெம்பாது. ஆனாலும் இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

நேர்ப்பாதையில் குறுந்தூரம் பாயும் டிராக் ரேஸ் எஞ்சினுக்குக் கேம் தெரிவு செய்கையில் கேட்க வேண்டியதும் நெம்புவதைப் பற்றித்தான்: எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்? உயரம் 'லிப்ட்'. மேட்டில் 8 மி.மீ. என்றால், 1.5 விகித ரொக்கர் (மேட்டின் தூக்கலைப் பெருக்கி வால்வுக்குக் கொடுக்கும் நெம்பு) உள்ள எஞ்சினில் வால்வு 12 மி.மீ. திறக்கும். நேரம் 'டியூரேஷன்', கிராங்கின் பாகையில் கணக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 280 பாகை என்று அச்சடித்த கேம், 1.27 மி.மீ. தூக்கலிலிருந்து அளந்தால் 230 பாகைதான் வரக்கூடும். இரண்டு கேம்களை ஒப்பிட்டால் இந்த இரண்டாவது அளவையே பாருங்கள். சாதாரணத் தெரு எஞ்சினுக்கு 200 பாகையளவு போதும், 402 மீற்றர் ஓட்டத்துக்கென்றே கட்டியதில் 250க்கு மேலும் போகும்.

நேரம் கூடக்கூட, காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு பிந்தி மூடும். குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது கலவை திரும்பக் காபரேட்டருக்கே தள்ளுப்படும், அமுக்கம் விழும். 9க்கு 1 அமுக்க விகித எஞ்சினில் பெரிய கேம் போட்டு, "முன்பைவிட மந்தம்" என்று முறையிடுவது இதனால்தான். அமுக்க விகிதத்தை 12, 13க்கு ஏற்றினால் சரிவரும், ஆனால் பெற்றோல் செட்டில் அடிக்கிற 92 ஒக்டேன் பெற்றோலில் எஞ்சின் தட்டும் ('நொக்').

புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வு மூடுமுன் இன்டேக் திறப்பது 'ஓவர்லப்'; இணைதிறப்பு எனலாம். இரண்டின் டியூரேஷனும் 300 பாகை, அவற்றின் மேடுகளின் இடைக்கோணம் கேமின் பாகையில் 108 என்றால் இணைதிறப்பு 84 பாகை. ஐட்லில் எஞ்சின் குலுங்கும், உயர் வேகத்தில் வெளியேறும் புகை புதுக் கலவையை இழுத்துக்கொடுக்கும். வயலில் ஓடும் மெஸ்ஸி 135இன் பேர்கின்ஸ் டீசலுக்கு இது நேர் எதிர். அதன் பிஸ்டன் உச்சியில் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) அண்டிவிடும். வால்வு அதிகம் திறந்து நிற்க இடமில்லை.

புதுக் கேம் போட்டதும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பிஸ்டன் தலையில் சிறுவர் விளையாடும் களியை அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, பழைய கஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் பலம் கொடுக்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றிக் களியைப் பிளேட்டால் வெட்டி, மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸோஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். எக்ஸோஸ்டுக்குக் கூட்டிக் கேட்பது, அந்த வால்வு சூட்டில் நீளும் என்பதாலும், ஸ்பிரிங் தளர்ந்தால் மூடப் பிந்துகிற அதைப் பிஸ்டன் துரத்தி வந்து அடிக்கும் என்பதாலும்.