பாஸ்தாவுக்கும் ஒரு கஞ்சி உண்டு

"வீட்டில் பாஸ்தா செய்தால் எண்ணெய் மட்டும் தட்டின் அடியில் தனியாக நிற்கிறதே, ஏன்?" என்று வாசகி ஒருவர் படத்தோடு கேட்டிருந்தார். குடைமிளகாயும் பீன்ஸும் பதமாகத்தான் வதங்கியிருந்தன. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: வேகவைத்த தண்ணீரை என்ன செய்தீர்கள்? சிங்க்கில் கொட்டிவிட்டாராம். நானும் பல வருடம் அதையேதான் செய்தேன்.

சோறு வடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கஞ்சியின் அருமை தெரியும். பாஸ்தா வெந்த தண்ணீரும் ஒரு கஞ்சிதான். பாஸ்தா செய்யும் டியூரம் கோதுமை ரவையில் சுமார் 70 சதவீதம் மாவுச்சத்து. குளூட்டன் புரதம் பின்னிய வலைக்குள் மாவுத்துகள்கள் உட்கார்ந்திருக்கும். 60 டிகிரி வாக்கில் அவை தண்ணீர் குடித்து உப்பத் தொடங்கும். மேற்பரப்பில் இருப்பவற்றிலிருந்து அமைலோஸ் என்ற நீளமான சங்கிலி மூலக்கூறுகள் தண்ணீரில் கசியும். தண்ணீர் கலங்கலாவது இதனால்தான்.

சரி, இந்தக் கலங்கலுக்கு என்ன வேலை? எண்ணெயையும் வெறும் தண்ணீரையும் குலுக்கினால் எண்ணெய் பொடித்துளிகளாக உடையும். ஆனால் துளிகள் அலைந்து, ஒன்றையொன்று சந்தித்து, ஒட்டிப் பெரிதாகி, கொஞ்ச நேரத்தில் மேலே வந்து மிதக்கும். கஞ்சித் தண்ணீரில் அது அவ்வளவு எளிதல்ல. எங்கு பார்த்தாலும் அமைலோஸ் சங்கிலிகள் சிக்கலாகக் கிடக்கின்றன. தேர்க்கூட்டத்தில் கைவிட்டுப்போன இரண்டு பேர் போல, எண்ணெய்த் துளிகள் பக்கத்திலேயே இருந்தாலும் சேர முடிவதில்லை. கூடவே கரைந்து வந்த கொஞ்சம் புரதம் துளிகளைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. பாலில் கொழுப்பு எப்படி நிற்கிறதோ, அப்படியே இங்கே எண்ணெய். பள்ளியில் படித்த பால்மம்தான் இது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேக இரண்டு நிமிடம் இருக்கும்போதே பாஸ்தாவை எடுத்து, பூண்டும் காய்களும் வதங்கிய வாணலியில் போடுங்கள். ஒரு கரண்டி கஞ்சியை ஊற்றி, தீயைக் கூட்டிக் குலுக்குங்கள். முதலில் எண்ணெய் வளையம் வளையமாக மிதக்கும், சடசடவென்று தெறிக்கும். அரை நிமிடத்தில் சத்தம் அடங்கும். குமிழிகள் பெரிதாகி மெதுவாக உடையும். குழம்பு வெளுத்துப் பளபளக்கும். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடிக்கொள்ளும். அதுதான் பதம், உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒருமுறை இந்த நேரத்தில் போன் பேசப் போய், போஸ்டர் ஒட்டும் பசையோடு திரும்பியிருக்கிறேன்.

கஞ்சி திடமாக இருக்க, தண்ணீரைக் குறையுங்கள். 200 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் போதும், முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டால் ஒட்டாது. ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றுவது வீண்: அது மேலேதான் மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து, குழம்பு ஒட்டாமல் வழுக்கிவிடும். உப்புப் போட்டால் கொதிநிலை கூடும் என்பதும் பேச்சுக்குத்தான். லிட்டருக்கு 10 கிராம் போட்டாலும் 0.2 டிகிரிகூட ஏறாது. உப்பு ருசிக்கு, அவ்வளவே.

பாலாடைக்கட்டியும் மிளகும் சேரும் ரோமாபுரிப் பாஸ்தாவான காச்சோ எ பெப்பே ஏன் திரிந்துபோகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் ஆராய்ந்து, 2025இல் 'பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்கள். பாலாடைக்கட்டியின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் கட்டிகட்டியாகிறது, 2 முதல் 3 சதவீதம் இருந்தால் வழுவழுப்பாக நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் அதே வருடம் கிடைத்தது. இதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று சிரிப்பவர்கள் உண்டு. மருந்து, பெயின்ட், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாவற்றிலும் இந்தப் பால்மச் சிக்கல்தான். தலைமுறை தலைமுறையாகக் கஞ்சி வடிக்கும் நம் ஊரில் ஒரு மாணவி கஞ்சியை ஆராய நிதி கேட்டால், குழுவினர் சிரிக்காமல் கேட்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

அப்புறம் வாசகி மறுபடி எழுதினார்: "இன்றைக்கும் பழக்கதோஷத்தில் கொட்டிவிட்டேன், என்ன செய்ய?" அதற்கும் அந்தக் கட்டுரையிலேயே வழி இருக்கிறது. கஞ்சியை நம்பாமல் உருளைக்கிழங்கு மாவுச்சத்தையோ சோளமாவையோ (கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு) அந்த ஆய்வாளர்கள் சிபாரிசு செய்கிறார்கள். அரை டீஸ்பூன் சோளமாவை ஒரு கரண்டிப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போலத் தெளிந்து கெட்டியாகும்வரை சூடாக்கி, வாணலியில் ஊற்றிக் குலுக்குங்கள்.