கார்ப்பஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

கல்லூரியில் இயற்கை மொழிச் செயலாக்கத்துக்கு, அதாவது மனித மொழியைக் கணினி கையாளும் துறைக்கு, பாடத்திட்டம் போட உட்கார்ந்தால் முதல் அலகிலேயே வந்து நிற்கும் சொல் கார்ப்பஸ். கணினி எண்ணிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் ஏற்றபடி, ஒரு நோக்கத்தோடு சேர்த்து வைத்த உண்மையான எழுத்தும் பேச்சும்தான் அது. இணையத்தில் அகப்பட்டதையெல்லாம் வாரிக் கொட்டிய குவியலை நான் கார்ப்பஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லத்தீனில் கார்ப்பஸ் என்றால் உடம்பு. நீதிமன்றச் செய்திகளில் வரும் ஹேபியஸ் கார்ப்பஸில், அதாவது ஆட்கொணர்வு மனுவில், இருப்பதும் அதே உடம்புதான். நாம் வீட்டுவரி கட்டும் கார்ப்பரேஷனும் அந்த வேரில் முளைத்ததுதான். 6ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் சொன்ன சட்டங்களுக்குப் பிற்காலத்தில் கார்ப்பஸ் ஜூரிஸ் சிவிலிஸ் என்று பெயர் வந்தது. அங்கே உடம்பு என்பது நூல்களின் முழுத் திரட்டு. மொழியியலில் வழங்குவதும் இந்தப் பொருள்தான்.

கணினிக் காலத்தில் பெயர்பெற்றது பிரௌன் கார்ப்பஸ். அமெரிக்காவில் 1961இல் அச்சானவற்றிலிருந்து தலா சுமார் 2,000 சொற்களில் 500 பகுதிகள், ஆக ஏறக்குறைய 10 லட்சம் சொற்கள். செய்தி, மதம், அறிவியல், துப்பறியும் கதை என்று 15 வகை. இன்றைய கணக்கில் பொடிசு, ஆனால் எதில் எவ்வளவு எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துச் செய்ததால் வகுப்பில் காட்ட அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சரி, தமிழில்? தரவகம், சொல்வங்கி, உரைத்தொகுப்பு என்றெல்லாம் புழங்குகிறது. தரவகம் மோசமில்லை, ஆனால் மாணவர் அதை டேட்டாபேஸ் என்று எடுத்துக்கொள்வார், அதற்குத் தரவுத்தளம் தனியாக இருக்கிறது. சொல்வங்கி சுத்தமாகப் பொருந்தாது. கார்ப்பஸில் இருப்பவை உதிரிச் சொற்கள் அல்ல, முழு வாக்கியங்கள். என் ஓட்டு உரைத்தொகுப்புக்கு. அளவுகோல் வைத்துத் தொகுப்பது நமக்குப் பழகிய வேலைதான்: குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31 என்று அடியளவு பார்த்தே அகப்பாடல்களைப் பிரித்திருக்கிறார்கள் (ஓரிரு பாட்டு வரம்பு மீறும், எந்தத் தொகுப்பில்தான் மீறாது!). உரை என்றதும் தமிழ்த்துறை மாணவருக்குக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஞாபகம் வரலாம், இங்கே உரை என்பது விளக்கம் அல்ல, எழுத்துதான் என்று முதல் வகுப்பில் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். பேச்சுப் பதிவுகளும் சேர்ந்திருந்தால் மொழித்தொகுப்பு எனலாம். அப்புறம் பன்மை: கார்ப்போரா என்று லத்தீன் இலக்கணம் நடத்த வேண்டாம், உரைத்தொகுப்புகள், அவ்வளவுதான்.