ஆல்பிடோ: பனி திருப்பித் தரும் வெளிச்சம்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில், சீவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கைக் கிளறிக்கொண்டே அக்கா மகள் கேட்டாள்: “மாமா, ஆல்பிடோவுக்குத் தமிழ்ல என்ன?” தமிழ்மொழி மாதத்துக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச வேண்டுமாம். அறிவியலை ஆங்கிலத்தில் படித்த பிள்ளை. தேடிப் பார்த்ததில் ‘எதிரொளிதிறன்’ என்று கிடைத்திருக்கிறது. அந்தச் சொல்மேல் எனக்கு வெகுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

முதலில் வேர். லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை, ‘ஆல்பிடோ’ என்றால் வெண்மை. கல்யாண ஆல்பமும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ரோமானியர்கள் பொது அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு ‘ஆல்பம்’ என்று பெயர். ஆரஞ்சுத் தோலுக்கு உள்ளே பஞ்சுபோல ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியைக்கூடத் தாவரவியலில் ஆல்பிடோ என்பார்கள். ஒளியியலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் கணிதவியலாளர் யோகான் ஹைன்ரிச் லாம்பெர்ட், 1760-ல் ஒளியை அளப்பது பற்றி எழுதிய நூலில்.

ஒரு பரப்பின்மேல் விழும் வெயிலில் எவ்வளவு பங்கு திரும்பிப் போகிறது என்பதே ஆல்பிடோ. எல்லாவற்றையும் விழுங்கினால் 0, எல்லாவற்றையும் திருப்பினால் 1. புதிதாகப் பெய்த பனிக்கு 0.8 முதல் 0.9 வரை. திறந்த கடலுக்கு 0.06 அளவில். பூமி மொத்தத்துக்கும் சராசரி ஏறத்தாழ 0.3.

அப்படியானால் ‘வெண்மை’ என்றே சொல்லிவிடலாமே? நிலா குறுக்கே வரும். அதன் ஆல்பிடோ 0.12 அளவுதான், தேய்ந்த தார்ச்சாலையோடு ஒப்பிடத்தக்கது. இருட்டு வானத்தில் இருப்பதால் நமக்குப் பால்போலத் தெரிகிறது.

சரி, எதிரொளிதிறனுக்கு என்ன குறை? எதிரொளிப்பு என்றதும் கண்ணாடி நினைவுக்கு வருகிறது: ஒளி மேல்பரப்பில் பட்டு அப்படியே திரும்புகிறது. பனியில் நடப்பது வேறு. அதற்கு ஐஸ் கச்சாங் கடையையே பார்க்கலாம். இயந்திரத்தில் வைக்கிற பனிக்கட்டி தெளிவாக இருந்தால் மறுபுறம் இருக்கும் விரல் தெரியும். அதையே சீவிக் கிண்ணத்தில் குவித்தால் வெள்ளை வெளேர். பொருள் மாறவில்லை, இடையிடையே காற்று புகுந்திருக்கிறது. காற்றிலிருந்து பனிக்கட்டிக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது, வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. ஒவ்வொரு எல்லையிலும் திசை மாறி, துகளுக்குத் துகள் அலைந்து, பெரும்பகுதி மேலேயே வந்துவிடுகிறது. இதுதான் சிதறல். எல்லா நிறமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் திரும்புவதால் வெள்ளை. இப்போது சிவப்புச் சர்க்கரைப் பாகை ஊற்றுங்கள். பாகு பட்ட இடம் நிறமேறுவதோடு கண்ணாடிபோலவும் ஆகிவிடும். காற்று இருந்த இடத்தில் பாகு உட்கார்ந்துகொண்டது, ஒளி வளைவதற்கு அவ்வளவாகக் காரணம் இல்லை. ஈரப்பனி மங்கலாகத் தெரிவதும் இதனால்தான்.

ஒளி பனிக்குள் உண்மையிலேயே பயணம் போகிறது, சில பத்து சென்டிமீட்டர் ஆழம்வரைகூட. பனிக்கட்டி சிவப்பைச் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் ஆழமான பனியில் கோலால் துளை போட்டு எட்டிப் பார்த்தால் உள்ளே நீலம் கசியும். பனி பழசானால் துகள்கள் பருமனாகும், எல்லைகள் குறையும், ஒளி பனிக்கட்டிக்குள் நடக்கும் தூரம் நீளும், திரும்பி வருவதும் குறையும். புகைக்கரி படிந்தால் இன்னும் மோசம்.

ஆகவே என் பரிந்துரை ‘மீளொளி விகிதம்’. பட்டுத் திரும்பியதோ உள்ளே சுற்றிவிட்டு வந்ததோ, மீண்டு வந்த ஒளியின் பங்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளும் சொல். பனிக்கு மட்டுமல்ல, சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடங்களுக்குப் பூசிப் பார்த்த, வெயிலைத் திருப்பியனுப்பும் குளிர்ச்சிச் சாயத்துக்கும் பொருந்தும்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். மேடையில் வெறுமனே ‘பனி’ என்றால் பாட்டிமார் மார்கழி விடியற்காலையைத்தான் நினைப்பார்கள். முன்பனி, பின்பனி என்று தொல்காப்பியம் பருவம் பிரித்தபோது யாரும் பனிமனிதன் செய்யவில்லை. ‘உறைபனி’ என்றால் ஊட்டிப் புல்வெளியில் படிவதையும் குறிக்கும். வானத்திலிருந்து பெய்வதற்கு ‘வெண்பனி’ பொருத்தம்.

அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். அப்புறம் என் கிண்ணத்தைக் காட்டினாள். நான் பேசிக்கொண்டிருந்ததில் எல்லாம் கரைந்து, பழுப்புத் தண்ணீரில் நான்கு சிவப்புப் பயறு மிதந்தது. “மாமா, உங்க மீளொளி விகிதம் கடல் அளவுக்கு இறங்கிடுச்சு. குடிச்சிடுங்க.”